முளைக்காத கிழங்கு, பூக்காத செடி: மலைத் தோட்டத்து டேலியாவில் கோளாறு எங்கே?

டேலியா வளர்ப்பவர்கள் ஊட்டியில் கேட்டாலும் கொடைக்கானலில் கேட்டாலும் அதே நாலைந்து புகார்களைத்தான் சொல்வார்கள். கிழங்கு முளைக்கவில்லை, அழுகிவிட்டது, செடி ஆள் உயரம் போய்விட்டது ஆனால் பூ இல்லை. அடுத்த கேள்வி "என்ன உரம் போடலாம்?" என்பதாக இருக்கும். உரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். முதலில் தண்ணீரையும் மாதத்தையும் பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

இந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோவின் மேட்டுநிலங்கள். அங்கே கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. அந்த வறண்ட மாதங்களைத் தாண்டத்தான் செடி மண்ணுக்குள் கிழங்கு வைத்துக்கொள்கிறது. ஆகவே தூங்குகிற கிழங்குக்கு ஈரம் ஆகாது, வளர்கிற செடிக்கு ஈரம் இல்லாமல் ஆகாது. கீழே வரும் பெரும்பாலான சிக்கல்கள் இந்த இரண்டும் இடம் மாறிப்போவதால் வருபவை.

இன்னொன்று. "கடைசி உறைபனி முடிந்ததும் நடுங்கள், முதல் உறைபனியில் தோண்டுங்கள்" என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வது, கோடையில் பகல் 15, 16 மணி நேரம் நீளும் ஊர்களுக்கான கணக்கு. ஊட்டியில் ஜூன் மாதத்தின் மிக நீளமான பகலே சுமார் 12¾ மணி நேரம்தான். டிசம்பரில் 11½ மணி நேரத்துக்கு இறங்கும். மழையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஊட்டி நகரமும் அதற்கு மேற்கே கூடலூர்ப் பக்கமும் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் ஆகியவற்றுக்கு அக்டோபர், நவம்பர்தான் பெருமழை. உங்கள் வீடு எந்த மழையைப் பார்த்து நிற்கிறது என்று முடிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

நட்டு ஒரு மாதம் ஆகியும் முளை வரவில்லை

ஆறு வாரம் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் கையால் மண்ணை விலக்கிக் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். மண்வெட்டி வேண்டாம்.

கிழங்கு கெட்டியாக இருக்கிறது, வெள்ளை வேர்கூட விட்டிருக்கிறது, ஆனால் முளை மட்டும் இல்லை என்றால், அதற்குக் கண் இல்லை. உருளைக்கிழங்கு பழகிய மலைக்காரர்கள் வழுக்கி விழும் இடம் இது. உருளையின் உடம்பெங்கும் கண் இருக்கும். எப்படி நறுக்கினாலும் ஒரு துண்டில் ஒரு கண் மாட்டும். டேலியாக் கிழங்கின் உடம்பில் ஒரு கண்கூட கிடையாது. பழைய தண்டும் கிழங்கின் கழுத்தும் சேருகிற மேல்பகுதியில்தான், ஊசித்தலை அளவு புடைப்பாகக் கண் உட்கார்ந்திருக்கும். அந்தப் பகுதி ஒட்டாமல் கழுத்தோடு உடைந்து வந்த கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. சில சமயம் மண்ணுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு, கொழுகொழுவென்று இருக்கும். மேலே மட்டும் வராது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். பக்கத்து வீட்டு அக்கா "இந்தா, எடுத்துக்கோ" என்று கொத்திலிருந்து ஒரு கிழங்கை வெடுக்கென்று பிய்த்துத் தந்தால், நன்றி சொல்லிவிட்டு, தண்டுத் துண்டோடு ஒன்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கண் இருக்கிறது, ஆனால் அசையவில்லை என்றால் குளிர் அல்லது ஆழம். 10 முதல் 15 சென்டிமீட்டரைவிட ஆழமாகப் புதைத்திருந்தால் மேலே தூக்கி நடுங்கள். கிழங்கைப் படுக்க வைத்து, கண் வானத்தைப் பார்க்க வேண்டும். ஜனவரிக் குளிரில் தரையில் நட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, ஒரு பழைய ட்ரேயில் லேசாக ஈரமாக்கிய தென்னை நார்க்கழிவைப் பரப்பி, கழுத்து வெளியே தெரியும்படி கிழங்குகளை அடுக்கி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது நல்லது. மலைவீடுகளில் கதகதப்பான இடம் அது ஒன்றுதான். இரண்டு மூன்று வாரத்தில் எதற்குக் கண் உண்டு, எதற்கு இல்லை என்று தெரிந்துவிடும். முளைத்ததை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.

கிழங்கு குழைந்து, நாற்றம் அடிக்கிறது

முளை வருவதற்கு முன்பே தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். கிழங்குக்குள்ளேயே முளைக்கத் தேவையான ஈரம் உண்டு. உறிஞ்ச வேர் இல்லாத நிலையில் ஊற்றும் தண்ணீர் அப்படியே தேங்கிக் கிழங்கை அழுகவைக்கும். நடும்போது மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகவும், தட்டினால் உதிரவும் வேண்டும். அந்த ஈரம் போதும். முளை மண்ணுக்கு மேலே தலைகாட்டும் வரை வாளியைத் தொடாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் காற்று உலர்ந்து மேல்மண் வெடித்தால் மட்டும் லேசாகத் தெளியுங்கள்.

வேறு மூன்று காரணங்களும் உண்டு. வெட்டிய காயம் ஆறுவதற்குள் நட்டிருக்கலாம். மக்காத சாணமோ கோழி எருவோ கிழங்கைத் தொட்டுக்கொண்டு கிடந்திருக்கலாம். அல்லது தோட்டம் மேட்டின் அடிவாரத்தில் இருந்து, மேலேயுள்ள தேயிலைச் சரிவின் தண்ணீரெல்லாம் அங்கே இறங்கலாம். கடைசிக் காரணத்துக்கு மருந்து இல்லை. ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள், அல்லது பெரிய தொட்டிக்கு மாறுங்கள்.

கிழங்கில் ஒரு ஓரம் மட்டும் அழுகியிருந்தால் நல்ல சதை தெரியும்வரை சீவி, அடுப்புச் சாம்பலோ கந்தகத் தூளோ பூசி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி மறுபடி நடலாம். கழுத்து குழைந்திருந்தால் மீட்க முடியாது.

நேற்று இருந்த முளை இன்று காலை இல்லை

தண்டு தரை மட்டத்தில் கத்தரித்ததுபோல் விழுந்துகிடந்தால் வெட்டுப்புழு. சுற்றிலும் இரண்டு விரல் ஆழம் மண்ணைக் கிளறினால் சுருண்டு படுத்திருக்கும், எடுத்து நசுக்கிவிடுங்கள். இலை ஓட்டை ஓட்டையாகி, பளபளவென்று சளித்தடம் தெரிந்தால் நத்தை, அதிலும் ஓடில்லாத நத்தை. மழைமாதங்களில் மலைத்தோட்டத்தின் முதல் எதிரி இதுதான். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதை மிஞ்சிய வைத்தியம் இல்லை. ஈரச்சாக்கை மடித்துப் பாத்தி ஓரத்தில் போட்டுவைத்தால் விடியலில் அதன் அடியில் கூட்டமாக ஒதுங்கியிருக்கும். சாம்பல் தூவுவதும் உதவும், ஆனால் ஒரு தூறல் போட்டால் அதன் வேலை முடிந்தது.

முளை மட்டுமில்லாமல் கிழங்கே காணோம், குழி தோண்டிக் கிடக்கிறது என்றால் முள்ளம்பன்றி, பெருச்சாளி, காட்டுப்பன்றி இவற்றில் ஒன்று. முள்ளம்பன்றிக்குக் கிழங்கு என்றால் உயிர். பாத்தியின் அடியிலும் பக்கங்களிலும் கோழிவலைக் கம்பியை விரித்து அதன்மேல் மண் போட்டு நடுவதுதான் நிலையான தீர்வு. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீட்டு வாசலுக்கே வரும் காட்டுமாட்டுக்கு எந்த வலையும் வேலியும் பொருட்டில்லை. செடியைச் சுவரை ஒட்டியோ மாடிப்படியிலோ தொட்டியில் வைப்பது ஒன்றே வழி. தயவுசெய்து கல்லெடுத்து விரட்டப் போகாதீர்கள். குரங்கு மொட்டைக் கிள்ளிப் போடுவதற்கும் என்னிடம் உருப்படியான பதில் கிடையாது.

இலையில் ஏதோ கோளாறு

எந்த இலை என்று பார்ப்பதுதான் இங்கே பாதி வைத்தியம்.

அடி இலைகள் மட்டும், நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மஞ்சளாகின்றன என்றால் மக்னீசியம் குறைவு. நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்பு மண். அடித்துப் பெய்யும் மழை சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கேரட், உருளை போடுபவர்கள் டோலமைட் (சுண்ணாம்பும் மக்னீசியமும் உள்ள கல்தூள்) தூவுவது இதற்காகத்தான். நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவுக்குத் தூவிக் கிளறி விடுங்கள். எருவையும் டோலமைட்டையும் ஒரே நாளில் சேர்த்துப் போட்டால் எருவிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போகலாம். செடி ஏற்கெனவே நிற்கிறது என்றால் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

புது இலைகளே நரம்போரம் வெளிறி, திட்டுத்திட்டாக, சுருங்கி வருகின்றன, செடியும் குட்டையாகவே நிற்கிறது என்றால் அது தேமல் வைரஸ். எந்தச் சத்தும் எந்த மருந்தும் சரிசெய்யாது. கிழங்கிலும், அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துண்டிலும் நோய் இருக்கும். அசுவினிப் பூச்சி அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். எவ்வளவு அரிய நிறமானாலும் பிடுங்கி எரித்துவிடுங்கள். இதில் இரக்கம் காட்டித் தோட்டத்தையே இழந்தவர்கள் உண்டு.

அடியிலிருந்து எல்லா இலையும் மஞ்சளித்துச் செடி துவண்டால் மண்ணை முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை வந்தால் வேர் மூழ்கிக்கிடக்கிறது. மண் சரியாக இருந்தும், பச்சையாக நின்ற செடி பகலில் திடீரென்று வாடி, தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் பால்போல ஒரு இழை இறங்குகிறது என்றால் பாக்டீரியா வாடல். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் வாட்டுகிற அதே கிருமிதான் இது. அந்த இடத்தில் சில வருடங்களுக்கு டேலியாவும் வேண்டாம், உருளையும் வேண்டாம்.

வெள்ளைமாவு பூசியதுபோல் இருந்தால் சாம்பல் நோய். பகலில் வெயிலும் இரவில் பனியும் மாறிமாறி வரும் மாதங்களில் வராமல் இருக்காது. அடி இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் ஏறுவதற்கு முன் தெளியுங்கள். மார்ச், ஏப்ரலில் இலை வெண்கல நிறமாகி அடியில் நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. அதற்கு இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போய்விடும், மீதிக்கு வேப்பெண்ணெய்.

செடி ஒரே குச்சியாக ஓங்கி, காற்றில் விழுகிறது

நுனி கிள்ளவில்லை. மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும், முழங்காலைத் தொடும் முன்பே, நடுநுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் கிள்ளிய செடிதான் பக்கக் கிளை வைத்துப் புதராக நிற்கும், பூவும் பல மடங்கு வரும்.

டேலியாத் தண்டு உள்ளே குழல். மழையில் நனைந்த பெரிய பூவின் பாரத்தைத் தாங்காது. முட்டுக்குச்சியைக் கிழங்கு நடும் அன்றே ஊன்ற வேண்டும். செடி சாய்ந்த பிறகு குச்சியை இறக்கினால் அது நேராகக் கிழங்கில் போய்ச் செருகும், அந்த ஓட்டை வழியாக அழுகல் நுழையும். மூங்கில் நல்லது. பச்சைச் சீகை (வாட்டில் மரம்) குச்சியும் போதும், ஆனால் அடுத்த மழைக்குள் அடி மக்கிவிடும்.

கிள்ளியும் குச்சியாகவே ஓடுகிறது என்றால் நிழல். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். பக்கத்தில் கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ நின்றால் நிழலோடு வேர்ப்போட்டியும் சேர்ந்துகொள்ளும்.

இலை தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

யூரியா போட்டீர்களா? இல்லையென்றால் கோழி எரு? தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையோடு நின்றுவிடும். மொட்டு வைக்கும் பருவத்தில் தழைச்சத்தை நிறுத்தி, சாம்பலோ பொட்டாஷோ கொஞ்சம் கொடுங்கள். உரமே போடவில்லை என்றால் மறுபடி வெயிலைச் சந்தேகப்படுங்கள். ஜூலையில் வாரக்கணக்கில் மஞ்சு இறங்கி நிற்கும் சரிவுகளில் நல்ல செடியும் பூக்க யோசிக்கும்.

நடும் மாதமும் முக்கியம். சின்னப் பூ ரகங்கள் நட்டு இரண்டரை, மூன்று மாதத்தில் பூக்கும். சாப்பாட்டுத் தட்டு அளவு பூப்பவை நான்கு மாதம்கூட எடுக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் மே மாதம் மலர்க்கண்காட்சி. அந்த நேரத்தில் உங்கள் வீட்டிலும் பூ வேண்டுமானால் ஜனவரிக் கடைசியில் கிழங்கை ட்ரேயில் எழுப்பி, பிப்ரவரியில் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஊட்டியைச் சுற்றியுள்ள காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளங்களில் பிப்ரவரியிலும் உறைபனி எட்டிப்பார்க்கும். இளஞ்செடி ஒரே இரவில் கருகிவிடும். ஊட்டிப் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் சாக்கு போதும். சாயங்காலம் மூடி, வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். மேல்பகுதி கருகினாலும் பதற வேண்டாம், கிழங்கு பிழைத்திருந்தால் அடியிலிருந்து திரும்ப முளைக்கும்.

செப்டம்பருக்குப் பிறகு நட்டவர்களுக்கு வேறு பிரச்சினை. பகலின் நீளம் 12 மணி நேரத்துக்குக் கீழே குறையத் தொடங்கியதும் செடியின் கவனம் கிழங்குக்குப் போய்விடும். மலைக்குளிரும் சேர்ந்துகொண்டால் மேலே வளர்ச்சி நிற்கும். அது நோய் இல்லை. செடி தூங்கப் போகிறது.

மொட்டு வருகிறது, விரியாமல் பழுப்பாகிறது

மொட்டைப் பிளந்து வெள்ளைத்தாளில் தட்டுங்கள். கோடு கோடாகச் சிறு பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். வேப்பெண்ணெயோடு கொஞ்சம் சோப்புக்கரைசல் சேர்த்து வாரம் ஒரு முறை தெளியுங்கள். பூச்சி இல்லை, சாம்பல் நிறப் பூஞ்சணம் தெரிகிறது என்றால் மழையும் மஞ்சும் செய்த வேலை. அழுகிய மொட்டுகளைச் செடியில் விடாதீர்கள், அடியிலும் போடாதீர்கள். பெரிய பூ ரகங்களில், நுனியில் மூன்று மொட்டு சேர்ந்து வந்தால் நடுமொட்டை வைத்து இரண்டு பக்க மொட்டையும் கிள்ளிவிடுவது பூவின் அளவுக்கு மட்டுமில்லாமல் இந்த அழுகலுக்கும் நல்லது. நெருக்கம் குறைகிறது.

போன வருடம் அடுக்குப்பூ, இந்த வருடம் நடுவில் மஞ்சள் தெரிகிறது

"கிழங்கு மாறிப்போச்சு" என்று கொடுத்தவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பகல் குறுகும் மாதங்களில் இதழ்வரிசை குறைந்து நடுவட்டு வெளியே தெரிவது டேலியாவின் இயல்பு. கோடையில் அதே செடி மறுபடி நிறைய அடுக்கோடு பூக்கும். பசி, தாகம், வயதான கிளை இவையும் இதையே செய்யும். வாடிய பூக்களை உடனுக்குடன் வெட்டிவந்தால் அடுக்கு நெடுநாள் நிற்கும். மாடி விளிம்பில் ஒரு பல்பைப் போட்டு அந்தி சாய்ந்த பின் இரண்டு மூன்று மணி நேரம் எரியவிடுபவர்களும் உண்டு. வேலை செய்யும், கரண்ட் பில் உங்கள் பாடு.

ஆனால் விதையிலிருந்து வந்த செடி தாயைப்போல் இருக்காது. சிவப்பு அடுக்குப்பூவின் விதையில் வெள்ளை ஒற்றைப்பூ வரலாம். அதே பூ வேண்டுமானால் கிழங்கு அல்லது தண்டுத்துண்டு, இரண்டே வழி.

பிரித்த கிழங்கெல்லாம் வீணாகிறது

தோண்டிய அன்றே பிரிப்பவர்களுக்குக் கண் தெரியாது. இருப்பது தெரியாமல் குறுக்கே வெட்டிவிடுவார்கள். கொத்தை முழுசாக வைத்திருந்து, நடும் காலத்தில் ட்ரேயில் இரண்டு மூன்று வாரம் எழுப்பி, கண்கள் இளஞ்சிவப்பாகப் புடைத்ததும் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிழங்கு, முறியாத கழுத்து, ஒரு கண்ணோடு தண்டின் அடிப்பகுதிச் சீவல், மூன்றும் இருக்க வேண்டும். கட்டைவிரல் அளவுக் கிழங்கே போதும். பெரிய கிழங்கிலிருந்து பெரிய செடி வரும் என்பது நம்பிக்கை மட்டுமே. ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கத்தியை நெருப்பில் காட்டுங்கள். கழுத்தருகே காலிஃப்ளவர்போல் கட்டி திரண்டிருந்தால் அந்தக் கொத்தைப் பிரிக்காமல் அப்படியே அழித்துவிடுங்கள்.

உண்மையில் செடி அதிகம் வேண்டுமென்றால் கிழங்கைப் பிரிப்பதைவிடத் தண்டுத்துண்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம். ட்ரேயில் எழுந்த முளை 7, 8 சென்டிமீட்டர் வந்ததும், அடிக்கணுவைக் கிழங்கிலேயே விட்டுவிட்டு மேலே வெட்டுங்கள். விட்ட கணுவிலிருந்து மேலும் இரண்டு முளை வரும். இப்படி ஒரே கிழங்கு பல நாற்று கொடுக்கும். வெட்டிய துண்டைக் கணுவுக்குக் கீழே சீராக்கி, அடி இலைகளை எடுத்து, மணலும் நார்க்கழிவும் சமமாகக் கலந்த தொட்டியில் செருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையை மூடுங்கள். நேர்வெயில் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் வேர்பிடிக்கும். வேர்பிடிக்காமல் கறுக்கிறது என்றால் முளை முற்றிவிட்டது. வெட்டுமுகத்தில் ஓட்டை தெரிந்தால் அந்தத் துண்டு வேண்டாம். உள்ளே சதை நிறைந்த இளமுளைதான் பிடிக்கும். இப்படி வந்த செடியும் அதே வருடம் பூத்து, அடியில் தன் கிழங்கையும் வைத்துவிடும்.

எடுத்துவைத்த கிழங்கு சுருங்குகிறது, அல்லது பூசணம் பிடிக்கிறது

தண்டு தானாகக் காய்ந்த பிறகு, அநேகமாக டிசம்பர், ஜனவரியில், ஒரு சாண் தண்டு விட்டு வெட்டித் தோண்டுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் கழுத்து முறியும். அடியில் கைகொடுத்து எடுங்கள். தண்ணீர் நன்றாக வடியும் சரிவுகளில் தோண்டாமலே மண்ணில் விடலாம், அடுத்த வருடமும் வரும். ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் விட்டால் கொத்து நெருங்கிப் பூ சிறுத்துவிடும்.

சுருங்கினால் காற்று மிக உலர்ந்தது, பூசணம் வந்தால் ஈரம் மிஞ்சியது. முதலாவதற்கு நார்க்கழிவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் புதையுங்கள். இரண்டாவதற்குத் துடைத்து, சாம்பலில் புரட்டி, செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவது கூடவே கூடாது. மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து, கெட்டதை எடுத்துவிட்டால் மற்றவை தப்பும்.

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ உள்ள சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதென்றால் மண்ணை ஒட்டவிடாமல் கழுவிக் காயவைத்து அனுப்புங்கள். நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் 1961-ல் கண்டறியப்பட்ட நூற்புழு டேலியாவைத் தாக்காது. ஆனால் மண்ணோடு பயணம் செய்யும். நிறத்தையும் ரகத்தையும் கிழங்கின் உடம்பிலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். காகிதச்சீட்டு எப்படியும் தொலைந்துவிடும். சமவெளியில் நடவு செப்டம்பர், அக்டோபர் என்பதால், அதுவரை கிழங்கை உங்கள் குளிர்ந்த வீட்டிலேயே வைத்திருந்து ஆகஸ்ட் கடைசியில் அனுப்புவது நல்லது. அங்கே கோடை வெப்பத்தில் கிடந்தால் வற்றிப்போகும்.